சத்தம் போடாத கம்ப்ரஸர்

அத்தியாயம் 14

போன வாரம் அந்த வீட்டில் ஒரு போன் அடித்து, யார் காதிலும் விழாமல் தவறிப்போனது. இந்த வாரத்து ரகளை எல்லாம் அதில் ஆரம்பித்ததுதான்.

தவறிப்போன போன் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கடன் வேண்டுமா, வீடு கட்டப் போகிறீர்களா என்று நாள் தவறாமல் நச்சரிக்கும் ஏதோ ஒரு கம்பெனியின் போன். ஆனால் அது அந்தப் போன்தான் என்று தெரிவதற்குள் ஒரு பகலும் பாதிச் சாயங்காலமும் போய்விட்டன. அவ்வளவு நேரமும் மாமியார் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவர் உயிரே கூடத்து மேஜை மேல் இருக்கும் போனில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவருடைய ஒரே பிள்ளை, வீட்டில் எல்லோரும் 'கப்பல்காரன்' என்று கூப்பிடுகிறவன், ஒரு சரக்குக் கப்பலில் மூன்றாம் என்ஜினியர். இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு போன அந்தக் கப்பல் ஏழு மாதத்துக்கு முன் நடுக்கடலில் காணாமல் போனது. கப்பலில் இருபத்திரண்டு பேர். ஓர் உடைந்த பலகைகூட இன்றுவரை கரை ஒதுங்கவில்லை. பலகை ஒதுங்கவில்லை என்பதால் மாமியார் நம்பிக்கொண்டிருக்கிறார். மற்ற இரண்டு பேரும் அவர் எதிரில் வாயைத் திறப்பதில்லை.

மற்ற இரண்டு பேர் என்றால் மாமனாரும் மருமகளும்தான். மாமனார் பல் செட் செய்கிறவர். முப்பத்தாறு வருஷம் லேபில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் பல் செய்துகொடுத்த கை. கப்பல் காணாமல் போன மாதமே வேலையை விட்டுவிட்டு வந்து, பின்னறையில் மேஜை போட்டு, மகன் போன கப்பலையே மாதிரியாகச் செய்ய ஆரம்பித்தார். அசல் கப்பலில் இருநூறில் ஒரு பங்கு. நீளம் தொண்ணூறு சென்டிமீட்டர். கிரேன், ஏணி, கயிறு சுற்றும் உருளை எல்லாம் சாமணத்தால் பிடித்து ஒட்டியாகிவிட்டது. பாக்கி இருப்பது பெயின்ட் மட்டும். பிள்ளை வந்ததும் காட்டலாம் என்று மாமியார் சொல்லிக்கொண்டிருக்கிறார். எதற்காகச் செய்கிறார் என்று மாமனார் இதுவரை சொல்லவில்லை.

பிரஷ்ஷால் அடித்தால் கோடு கோடாக விழுகிறது என்று மூன்று தடவை சுரண்டிவிட்டார். அப்புறம்தான் ஏர்பிரஷ் வந்தது. பேனா மாதிரி கையில் பிடித்துக்கொண்டு காற்றால் பெயின்ட்டைப் புகையாக ஊதுகிற கருவி. அதற்குக் காற்று கொடுக்க, லேபில் ஓரமாகக் கிடந்த ஒரு கிழட்டுக் கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது போட்ட கூப்பாட்டில்தான் போன் தவறிப்போனது.

வியாழக்கிழமை காலை, மாமியார் தீர்ப்பு சொன்னார்.

"புதுசா வாங்கிக்கோங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அது ஓடுறப்போ இந்த நாற்காலியில உக்காந்திருக்கிற எனக்குப் போன் அடிக்கிறது கேக்கணும். கேக்கலன்னா மெஷினும் கிடையாது, கப்பலும் கிடையாது."

"சத்தமே போடாத கம்ப்ரஸர் எங்கேயும் இல்ல" என்றார் மாமனார்.

"ஏன் இல்ல? நீங்க இல்லையா, ஏழு மாசமா?"

மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"நீயும் கூடப் போம்மா" என்றார் மாமியார் மருமகளிடம். "இவர் பெயின்ட்டைத்தான் பாப்பார். நீ காதைப் பாரு."

மருமகள் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். அன்று லீவு போட்டிருந்தாள். கம்ப்ரஸருக்காகப் போட்ட லீவு அல்ல. நாளைக்கு வெள்ளிக்கிழமை, அதை நினைத்து நாலு நாளாகத் தூக்கம் இல்லை, மேஜையில் உட்கார்ந்தால் ஒருவர் ரிப்போர்ட்டை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்ற பயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு கப்பல் காணாமல் போனதை விசாரிக்கும் குழு கதவைச் சாத்துகிறது. கப்பல் கிளம்பும்போது எல்லா இயந்திரங்களும் ஒழுங்காக இருந்தன என்று கப்பல் கம்பெனி எழுதிக் கொடுத்தாயிற்று. அப்படி இல்லை என்று கப்பலில் இருந்தவர் யாராவது வீட்டுக்குச் சொல்லியிருந்தால், சொன்னதைக் கேட்டவர் நாளைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து வாதாடும் வக்கீல் அன்று காலையும் மருமகளுக்குப் போன் செய்தார்.

"யாருக்கும் எதுவும் ஞாபகம் இல்லைங்கறாங்க. உங்க வீட்டுலயும் அப்படித்தானா? சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்லைம்மா. கப்பல்லேருந்து யார் யாருக்குப் போன் போச்சுங்கற லிஸ்ட்டு திங்கட்கிழமை வருது. ஆனா லிஸ்ட்டுல நம்பர்தான் இருக்கும், பேச்சு இருக்காதே."

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டாள். யோசிக்க ஒன்றும் இல்லை. அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் மனப்பாடம்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கப்பலிலிருந்து யாருக்குப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட வேண்டும், மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கேட்க வேண்டும். மாமியார் போட்ட சட்டம். புருஷன் பெண்டாட்டி ரகசியமெல்லாம் லீவில் வரும்போது பேசிக்கொள்ளுங்கள் என்று சிரித்துக்கொண்டே போட்ட சட்டம். ஆனால் கடைசியாக ஒரு போன் அவள் வேலை செய்கிற இடத்துக்கு வந்தது. கப்பலில் என்ன கோளாறு என்று சொல்லிவிட்டு, அடுத்த துறைமுகத்தில் இறங்கி வீட்டுக்கு வந்துவிடட்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம், இருந்து முடித்துவிட்டு வாருங்கள் என்று அவள் சொன்னாள். ஒன்பதாம் நாள் கப்பல் காணாமல் போனது.

இதை வெளியே சொன்னால் கம்பெனியின் பொய் உடையும். சொன்ன அன்றைக்கே மாமியார் முகத்தில் அவள் எப்படி முழிப்பாள்? தாய் இல்லாமல் வளர்ந்தவளுக்கு அந்த அம்மாள் தலை வாரிவிட்டிருக்கிறார், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த மடியும் போய்விட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் போக்கிடம் இல்லை. அதனால் ஏழு மாதமாக வாயில் பூட்டு.

கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நீளமான, வெளிச்சம் குறைந்த கடை. இரண்டு பக்கமும் விமானம், டாங்கி, ரயில் பெட்டி என்று அட்டைப்பெட்டிகள். கல்லாவில் ஒரு பெண். நகக்கண்ணெல்லாம் நீலப் பெயின்ட்.

"என்ன மாடல் செய்றீங்க?" என்று கேட்டாள் கடைக்காரி.

"கப்பல்."

"போர்க்கப்பலா?"

"சரக்குக் கப்பல்."

"அதை யாரும் செய்ய மாட்டாங்களே. அழகா இருக்காதே" என்று சிரித்தாள் அவள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

முதலில் கையகலத்துக்கு ஒன்றை எடுத்து வைத்தாள். பேட்டரியில் ஓடுகிறது, சத்தம் ரொம்பக் குறைவு என்றாள். மாமனார் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு டேங்க் இல்லையே. காத்து விட்டு விட்டு வரும். அடிச்ச இடமெல்லாம் திட்டுத் திட்டா நிக்கும்" என்று ஒதுக்கினார்.

அடுத்தது கொஞ்சம் பெரிது. ஃப்ரிட்ஜில் இருக்கிற மாதிரி மோட்டார். போட்டால் ஓடுகிறதா இல்லையா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். மருமகளுக்கு அதைப் பார்த்ததும் உயிர் வந்தது.

"இதையே எடுத்துக்கலாம் மாமா. அத்தைக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

"உள்ளே எண்ணெய் ஊத்தணுமா?" என்று கேட்டார் மாமனார் கடைக்காரியிடம்.

"ஆமா, எண்ணெயில ஓடுறதாலதான் இவ்வளவு அமைதி."

"அப்போ வேணாம். எங்கேயாவது ஒரு துளி எண்ணெய் காத்தோட வந்துட்டா பெயின்ட் பிடிக்காது, கண்ணு கண்ணா குழி விழுந்து முழிச்சுப் பாக்கும். பல்லு வேலையில பாத்திருக்கேன்."

எண்ணெய் இல்லாததற்குச் சத்தம் அதிகம். சத்தம் இல்லாததற்கு எண்ணெய் உண்டு. இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரம் போனது. கடைசியில் கடைக்காரி ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்கினாள். கறுப்பாக, குட்டையாக, அடியில் மூன்று லிட்டர் டேங்க். எண்ணெய் வேண்டாம்.

"சத்தம் இருக்கும். ஆனா டேங்க் நிறைஞ்சதும் தானா நின்னுடும். நிக்கிற நேரத்துல டேங்க்ல இருக்கிற காத்துல நீங்க அடிச்சுக்கலாம். மறுபடி குறைஞ்சா ஓடும், மறுபடி நிக்கும்."

"எவ்வளவு நேரம் ஓடும், எவ்வளவு நேரம் நிக்கும்?"

"போட்டே காட்டறேனே."

"இருங்க" என்றார் மாமனார். தன் போனை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். கூடத்துக்கும் பின்னறைக்கும் பதினோரு அடி என்று வீட்டிலேயே அளந்துகொண்டு வந்திருந்தார். கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டு கல்லாவிலிருந்து பதினோரு அடி எண்ணி நடந்து, தரையில் வைத்தார். "அம்மா," என்று மருமகளைக் கூப்பிட்டார், "நீ கல்லாகிட்ட நில்லு. இது ஓடுறப்போ உன் போன்லேருந்து என் நம்பருக்கு அடி."

கடைக்காரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கம்ப்ரஸர் வாங்க வந்தவர்கள் காற்றழுத்தம் கேட்பார்கள், உத்தரவாதம் கேட்பார்கள். போன் அடித்துப் பார்க்கிறவர்களை அவள் அன்றுதான் பார்க்கிறாள்.

மோட்டார் உறுமியது. போன் அடித்தது. கேட்டது, ஆனால் பக்கத்து வீட்டில் அடிக்கிற மாதிரி. நாற்பது எண்ணுவதற்குள் மோட்டார் நின்றது. இப்போது போன் கடை முழுக்க ஒலித்தது. மாமனார் ஏர்பிரஷ்ஷை வாங்கி வெறும் காற்றை ஊதிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் பத்து விநாடி கழித்துத்தான் மோட்டார் திரும்ப ஓடியது.

"கேக்குதா?"

"கேக்குது மாமா. ஓடுறப்பவும் லேசா கேக்குது."

"இதைக் கட்டுங்க" என்றார் மாமனார்.

கடைக்காரிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. டேங்க்கைச் சாய்த்து அடியில் இருந்த ஒரு சின்னத் திருகைக் காட்டினாள். "இது ஒண்ணை மட்டும் மறந்துடாதீங்க. காத்தை அமுக்கினா அதுல இருக்கிற ஈரம் தண்ணியா மாறி டேங்க்ல தங்கும். வாரத்துக்கு ஒரு தடவை இதைத் திறந்து வடிச்சுடணும். இல்லன்னா தண்ணியும் சேர்ந்து வந்து பெயின்ட்ல துப்பும்."

"வாரத்துக்கு ஒரு தடவைதானே, பரவாயில்லையே" என்றாள் மருமகள். "அவங்க மணிக்கு ஒரு தடவை வடிச்சாங்களாம்."

"யாரு?"

"கப்பல்ல. அங்க ஒரு கம்ப்ரஸர் ஓடவே..."

அதற்கு மேல் வரவில்லை. நாலு நாள் தூங்காத தலை, ஏழு மாதம் கட்டிக் காத்ததை ஒரு திருகாணிக்கு முன்னால் கொட்டிவிட்டது.

அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் அந்தத் திருகின் மேல் கட்டைவிரலை வைத்தபடி குனிந்திருந்தார். கப்பல்காரன் அந்தக் கப்பலில் ஏறியது அதுதான் முதல் தடவை. ஏறிய பிறகு அவன் வீட்டுக்குப் பேசிய போன் ஒவ்வொன்றும் ஸ்பீக்கரில் கேட்டது. கம்ப்ரஸர் என்ற வார்த்தை அதில் எதிலும் வரவில்லை. இது அவருக்கும் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஈரம் பிடிக்கிற கிண்ணம் தனியா இருக்குமே, அதையும் ஒண்ணு சேத்துக் குடுங்க" என்றார் அவர் கடைக்காரியிடம்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னல் ஓரமாக அவள், பக்கத்தில் மடியில் பெட்டியோடு அவர். நாலு நிறுத்தம் போய்விட்டது. அவர் கேட்டுவிட்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. கழுத்துக்கு மேல் கத்தி தொங்குகிறது என்றால் அது விழுந்தாவது தொலையக்கூடாதா?

"மாமா, திட்டறதுன்னா திட்டிடுங்க."

"எதுக்கு?"

"அவர் எனக்கு ஒரு போன் பண்ணினார். நான் உங்க யாருக்கும்..."

"தெரியும்" என்றார் மாமனார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உன்கிட்ட பேசி அரை மணி நேரம் கழிச்சு லேபுக்குப் பண்ணினான். அவகிட்ட கேட்டேம்பா, இருந்துட்டு வாங்கங்கறா, நீங்க என்ன சொல்றீங்கன்னான். நான் அடுப்புல ஆறு பல்லு வச்சிருந்தேன். கொஞ்சம் விட்டா நிறம் மாறிடும். அவ சொன்னா சரியாத்தாண்டா இருக்கும், அப்புறம் பேசறேன்னு வச்சுட்டேன். ஏன் வரணும்கிறே, என்ன கஷ்டம்னு ஒரு வார்த்தை கேக்கல."

பெட்டியின் மேல் கட்டியிருந்த கயிற்றை அவர் நகத்தால் நெருடிக்கொண்டே இருந்தார்.

"ஏழு மாசமா உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"ம்."

"ஏன் என்னை ஒரு வார்த்தைகூடக் கேக்கல?"

"உன்னைக் கேட்டா, நீ என்னைக் கேப்ப."

அவளுக்கு அழுகை வந்தது. முன் சீட்டில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். ஒரே மேஜையில், ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, ஒரே பொய்யை இரண்டு பேரும் தனித்தனியாகக் காவல் காத்திருக்கிறார்கள். என்ன குடும்பமோ போங்கள்.

"கம்ப்ரஸர் விஷயம் எனக்குத் தெரியாது" என்றார் மாமனார். "வீட்டு நினைப்புல வரணும்கிறான்னு நினைச்சேன். அவன் உன்கிட்ட சொன்னதை எனக்குச் சொல்லு. ஒண்ணுகூட விடாதே."

அவள் சொன்னாள். அவன் போன் செய்தபோது மத்தியானம். அவள் மேஜைக்கு எதிரில் பதினோரு பேர் ரிப்போர்ட்டுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். கப்பலின் பெரிய என்ஜினைக் கிளப்புவதே அமுக்கி வைத்த காற்றுதான் என்று அவன் சொன்னான். அந்தக் காற்றை நிரப்ப இரண்டு கம்ப்ரஸர். ஒன்று மூன்று வாரமாகப் படுத்துவிட்டது. இன்னொன்று தண்ணீரும் எண்ணெயுமாகக் கக்குகிறது. மணிக்கு ஒரு தடவை வடிக்கிறோம், வடிக்கிற காற்று நிரப்புகிற காற்றைவிட அதிகம். புயலில் என்ஜின் ஒரு தடவை நின்றால் திரும்பக் கிளப்பக் காற்று இருக்காது.

"யார்கிட்ட சொன்னானாம்?"

"தலைமை என்ஜினியர்கிட்ட. அவர் கம்பெனிக்கு மூணு தடவை எழுதியாச்சு, பதில் இல்லன்னாராம்."

"மூணு தடவை."

"ஆமா மாமா."

"நீ என்ன சொன்னே? அவன்கிட்ட சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு."

அதைச் சொல்லத்தான் அவளுக்கு இரண்டு நிறுத்தம் ஆனது. அடுத்த பதவிக்குப் பரீட்சை எழுதக் கடலில் இத்தனை நாள் இருந்திருக்க வேண்டும் என்று கணக்கு. அவனுக்கு ஐம்பத்திரண்டு நாள் பாக்கி. "அம்பத்திரண்டு நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சுட்டு வந்துடுங்கன்னு சொன்னேன் மாமா. எதிர்ல ஒருத்தர் மேஜையைத் தட்டிக்கிட்டே இருந்தார். சாயங்காலம் பேசலாம்னு வச்சுட்டேன். சாயங்காலம் அவருக்கு லைன் கிடைக்கல போல."

மாமனார் உதட்டுக்குள் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மூணு வாரம். தண்ணியும் எண்ணெயும். மூணு தடவை. அம்பத்திரண்டு நாள். மகனுடைய வார்த்தைகளை மனசில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று அவள் நினைத்தாள்.

"நாளைக்கு நானே போய் எழுதிக் குடுத்துடறேன் மாமா. அதுக்கு முன்னாடி இன்னிக்கே அத்தைகிட்டயும் சொல்லிடறேன்."

"நம்ம ஸ்டாப் வந்துடுச்சு" என்றார் அவர்.

மணி அடிப்பதற்கு முன்பே மாமியார் கதவைத் திறந்தார். பெட்டி பிரிந்தது. பின்னறையில் மோட்டார் ஓடியது, கூடத்தில் போன் அடித்தது. மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டு தடவை அடிக்கச் சொன்னார்.

"கேக்குது. ஆனா அந்த ரூம் கதவைச் சாத்தியே வச்சுக்கோங்க."

மோட்டாரை நிறுத்திவிட்டு மாமனார் கூடத்துக்கு வந்தார். பின்னாலேயே மருமகள். சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. சமையலறை வாசல்படியில் நின்று நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் உக்காரு" என்றார் மாமனார், தன் மனைவியிடம்.

"ஏழு மாசமா உக்காந்துதான் இருக்கேன். சொல்லுங்க."

"கப்பல்காரன் எனக்குப் போன் பண்ணினான். கப்பல் காணாமப் போறதுக்கு ஒம்பது நாளைக்கு முன்னாடி. லேபுக்கு."

மாமியார் கண்ணைத் திறந்தார்.

மாமனார் சொல்லிக்கொண்டே போனார். ஒரு கம்ப்ரஸர் மூணு வாரமாகப் படுத்துவிட்டது. இன்னொன்று தண்ணியும் எண்ணெயுமாகக் கக்கியது. மணிக்கு ஒரு தடவை வடித்தார்கள். கம்பெனிக்கு மூணு தடவை எழுதினார்கள். பஸ்ஸில் கேட்டதை ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பித்தார், எல்லாம் தன் காதால் கேட்ட மாதிரி. பஸ்ஸில் அவர் எதற்காக மனப்பாடம் செய்தார் என்று மருமகளுக்கு அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"அடுத்த துறைமுகத்துல இறங்கி வந்துடட்டுமான்னு கேட்டான். அம்பத்திரண்டு நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சுட்டு வந்துடுன்னு சொல்லிட்டேன். நாளைக்கு வக்கீல்கிட்ட இதை எழுதிக் கையெழுத்துப் போடப் போறேன். உனக்கு வெளியிலேருந்து தெரியக் கூடாது."

அவளுடைய வார்த்தைகள் அவர் வாயில்.

மாமியார் கத்தவில்லை. அழவும் இல்லை. முதலில் கேட்டது இதைத்தான்.

"ஸ்பீக்கர்ல ஏன் போடல?"

"லேப்ல இருந்தேன்."

"வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமே. அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அவனைக் கூப்பிட்டு, வாடான்னு சொல்லியிருப்பேனே. ஒம்பது நாள் இருந்துதே." குரல் உயரவே இல்லை. "அவன் கேட்டதை மென்னு முழுங்கிட்டு, ஏழு மாசம் என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க."

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ஜின் நின்னா கப்பல் மிதக்கத்தானே செய்யும்?" என்று திடீரென்று கேட்டார் மாமியார். "அப்படியே எங்கேயாவது மிதந்துக்கிட்டு இருக்கும். இல்லையா?"

"கொஞ்ச நேரம் மிதக்கும்" என்றார் மாமனார். அந்த இடத்தில் மட்டும் அவருக்குப் பொய் வரவில்லை.

மாமியார் எழுந்தார். ஏழு மாதத்தில் முதல் தடவையாகப் போனை மேஜையிலேயே விட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்தார். மருமகளைத் தாண்டிப் போய்க் குழாயைத் திறந்தார், மூடினார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றார்.

மருமகளுக்குத் திங்கட்கிழமை வரப்போகிற லிஸ்ட் ஞாபகம் வந்தது. அதில் லேப் நம்பர் இருக்கும். அதற்கு அரை மணி நேரம் முன்னால் அவள் வேலை செய்கிற இடத்து நம்பரும் இருக்கும். மாமனாரின் பொய்க்கு நாலு நாள்தான் ஆயுள். இப்போது சொல்லிவிட்டால் அவர் தலை மேல் விழுந்தது பாதியாவது இறங்கும்.

"அத்தை, நான் ஒண்ணு..."

"நீ ஒண்ணும் சொல்லாதே. மாமாவுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதே." மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஈரக் கை. "அந்தப் பையனுக்குப் புத்தி போச்சு பாரு. கேக்கறதுக்கு வேற ஆளே கிடைக்கலையா? இந்த மனுஷன்கிட்ட போய்க் கேட்டிருக்கான். உன்னைக் கேட்டிருந்தா, எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடுங்கன்னு சொல்லியிருப்பே."

கூடத்தில் மாமனார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"சொல்லியிருப்பேதானே?" மாமியார் அவள் முகத்தையே பார்த்தார். "நீ சொல்லு. அதை மட்டும் சொல்லு."

"சொல்லியிருப்பேன் அத்தை" என்றாள் மருமகள்.